4-ஆ, 5-ஆ, 6-ஆ? வான்கோழி வேட்டையில் ஓர் ஈயக் கணக்கு!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம். மே மாதம். விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. காட்டுக்குள் ஒரு ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலை முதல் கால் வரை இலை தழை அச்சிட்ட உடுப்பு. முகத்தில் வலை. வாய்க்குள் ஒரு சின்ன ரப்பர் சவ்வு. அதை நாக்கால் அழுத்தி ஊதினால், பெட்டை வான்கோழி கூப்பிடுவது போலவே சத்தம் வரும். ஊதுகிறார். இரவெல்லாம் மரக்கிளையில் தூங்கிய சேவல் ஒன்று தூரத்தில் 'களகள'வென்று பதில் சொல்கிறது.

இனி அது வரவேண்டும். அரை மணியில் வரலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம், வராமலே போகலாம். கொசு கடித்தாலும் கையை அசைக்கக் கூடாது. வான்கோழிக்குப் பகலில் அப்படிப்பட்ட கண். தலையைக் கொஞ்சம் திருப்பினால் சுற்றிலும் நடப்பது மொத்தமும் அதற்குத் தெரிந்துவிடும்.

காட்டில் எதுவும் அந்த மனிதர் கையில் இல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வீட்டிலேயே பதில் தேடிவிட்டு வந்திருக்க வேண்டும். துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டாவில் எத்தனாம் நம்பர் ரவை?

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்பது பழைய கதை. அமெரிக்காவில் அது இன்றும் லைசென்ஸ் வாங்கி, பருவம் பார்த்து, குடும்பத்தோடு போய்வரும் விஷயம். நாம் செய்து பார்க்கப் போவதில்லை என்றாலும், அவர்கள் போடும் இந்த ரவைக் கணக்கு ரொம்பவே சுவாரஸ்யமானது. பறவை நொடியில் சாகுமா, அடிபட்டுப் புதருக்குள் கிடந்து சாகுமா என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. அன்று இரவு வீட்டுக் குழந்தையின் தட்டில் என்ன விழும் என்பதும் இதில்தான் இருக்கிறது.

கொத்தமல்லி சைஸில் ஒரு குண்டு

முதலில், ரவை என்றால் என்ன? உப்புமா ரவை இல்லை. ரைஃபிளில் ஒரு தடவை சுட்டால் ஒரே ஒரு குண்டு பாயும். 'ஷாட்கன்' எனப்படும் துப்பாக்கியில் அப்படியில்லை. விரல் நீளத் தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான குட்டி உருண்டைகள் இருக்கும். சுட்டதும் கூட்டமாகப் பறந்துபோய் விரியும். அந்த உருண்டைகள்தான் ரவை. காலங்காலமாக ஈயத்தில்தான் செய்கிறார்கள்.

ரவைக்கு நம்பர் உண்டு. நம்பர் கூடக் கூட உருண்டை சின்னதாகும். இதை நினைவில் வைக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 17-ல் இருந்து ரவை நம்பரைக் கழியுங்கள். வருவது, அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 4-ம் நம்பர் என்றால் 17-ல் 4 போனால் 13, அதாவது 0.13 அங்குலம், சுமார் 3.3 மில்லிமீட்டர். 5-ம் நம்பர் 3 மில்லிமீட்டர் சொச்சம். 6-ம் நம்பர் 2.8 மில்லிமீட்டர். எல்லாமே கிட்டத்தட்ட நம் அஞ்சறைப் பெட்டிக் கொத்தமல்லி விதை சைஸ்தான். இவற்றுக்குள் இருக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்துத்தான் அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேஜையில் சண்டை போடுகிறார்கள்!

இந்தக் குட்டி உருண்டைகளைச் செய்யும் விதமும் அழகானது. 1782-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உருக்கிய ஈயத்தை உயரத்தில் இருந்து சல்லடை வழியாகக் கொட்ட வேண்டும். மழைத்துளி போல விழும் ஒவ்வொரு சொட்டும் காற்றிலேயே தானாக உருண்டையாகும். கீழே தொட்டித் தண்ணீரில் விழுந்து குளிர்ந்து இறுகிவிடும். இதற்காகவே கோபுரம் கட்டினார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1828-ல் செங்கல்லால் கட்டிய 71 மீட்டர் உயரக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

குறி, ஒரு வால்நட்!

மயிலைப் பார்த்துத் தோகை விரித்ததாக நாம் கிண்டல் செய்கிற வான்கோழி, அமெரிக்கக் காட்டில் கம்பீரமான பறவை. நன்கு வளர்ந்த சேவல் 8, 9 கிலோ இருக்கும். இவ்வளவு பெரிய உடம்பைச் சுடுவது சுலபம்தானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். உடம்பில் அடுக்கடுக்காக இறகு, இறக்கை எலும்பு, தடித்த நெஞ்சுச் சதை. இத்தனையையும் துளைத்து உயிர் நிலைக்குப் போகும் பலம் சின்ன ரவைக்குக் கிடையாது. உடம்பில் அடி வாங்கிய வான்கோழி எழுந்து ஓடும், பறக்கவும் செய்யும். ஓடிப் போய் எங்கேயோ புதருக்குள் கிடந்து சாகும். சுட்டவருக்கும் கிடைக்காது.

அதனால் தலையும் கழுத்தும்தான் குறி. அதிலும் மூளை ஒரு வால்நட் பருப்பு அளவுதான். அதிலிருந்து இறங்கும் கழுத்துத் தண்டுவடம் பென்சில் கனம். இந்த இரண்டில் ஒன்றில் ரவை பட்டால், வான்கோழி நின்ற இடத்திலேயே விழும். நடக்கும்போது அந்தத் தலை ஒரு நொடி சும்மா இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 கேஜ் துப்பாக்கிக்கான ஒரு வான்கோழித் தோட்டாவில் ஒன்றே முக்கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 50 கிராம் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 4-ம் நம்பராக இருந்தால் சுமார் 236 ரவை. 5-ம் நம்பர் என்றால் 297. 6-ம் நம்பர் என்றால் 394. அதே 50 கிராம்தான், பங்கு போடுவதில்தான் வித்தியாசம்.

ரவை நிறைய இருந்தால் வால்நட்டில் ஒன்றாவது படும் வாய்ப்பு அதிகம். ஆனால் 6-ம் நம்பர் ரவை ஒவ்வொன்றும் 4-ம் நம்பரில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிக எடை. லேசான பொருள் காற்றில் சீக்கிரம் களைத்துப்போகும். பக்கத்தில் என்றால் பிரச்னையில்லை. தூரம் போகப் போக, எலும்பைத் துளைக்கும் பலம் அதற்குக் குறைந்துகொண்டே வரும். 4-ம் நம்பருக்கு அந்தப் பலம் அதிக தூரம் நிற்கும். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால், தூரத்தில் விரியும்போது ரவைக்கும் ரவைக்கும் நடுவே இடைவெளி விழும். வான்கோழியின் தலை அந்த ஓட்டைக்குள் பத்திரமாக நின்றுவிடலாம்.

'பெரிய குண்டு போட்டால் பெரிய பறவை விழும்' என்று 2-ம் நம்பரைத் தேர்ந்தெடுக்கும் புதியவர்கள் உண்டு. 50 கிராமில் 150 ரவைதான் வரும். பலம் இருக்கும், படுவதற்கு ரவை இருக்காது. மறுபக்கம், புறா சுடும் ஏழரை நம்பரை வான்கோழிக்குப் போட்டால் நிறையப் படும், துளைக்காது. ஆக, ஈயம் என்றால் 4, 5, 6 என்ற மூன்றுக்குள்தான் பேச்சு. புதர் அடர்ந்த காட்டில் 25, 30 கஜத்துக்குள் பறவையை அழைத்துவிடுவேன் என்பவர் 6-ஐ எடுக்கிறார். வெட்டவெளியில் 40 கஜம் வரை போகலாம் என்பவர் 4-ஐ எடுக்கிறார். எது சரி என்று முடிவெடுக்க முடியாதவர்கள் 5-ல் வந்து நிற்கிறார்கள். 4, 5, 6 மூன்றையும் ஒரே தோட்டாவில் கலந்து விற்கும் கம்பெனிகளும் உண்டு. நம் ஊர் மிக்சர் மாதிரி. கடையில் நின்று முழிப்பவருக்கு அது ஆறுதல் தரலாம். கணக்கு என்னவோ மாறுவதில்லை.

முதலில் சாக வேண்டியது காகிதம்

பெட்டியில் அச்சிட்ட நம்பரை மட்டும் நம்பக் கூடாது என்பதுதான் அனுபவசாலிகள் ஒரே குரலில் சொல்வது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கி இரண்டு இருந்தால், ஒன்றுக்கு 5 பிடிக்கும், இன்னொன்றுக்கு 6 பிடிக்கும். காரணம், துப்பாக்கிக் குழாயின் வாய். அதை உள்பக்கம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் குறுக்கியிருப்பார்கள். இதற்கு 'சோக்' என்று பெயர். தண்ணீர்க் குழாய் முனையை விரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் ஒடுங்கித் தூரம் போகிறதல்லவா, ஏறக்குறைய அதுபோல. எவ்வளவு குறுக்கினால் எந்த ரவை ஒழுங்காகப் போகும் என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஈயம் மெத்தென்ற உலோகம் என்பதும் ஒரு காரணம். வெடித்த வேகத்தில் பின்னால் இருக்கும் ரவைகள் நசுங்கும். நசுங்கிய உருண்டை நேராகப் போகாது, கூட்டத்தை விட்டு விலகி ஓடும். அதனால்தான் நல்ல தோட்டாக்களில் ஈயத்தோடு ஆன்டிமனி கலந்து கெட்டியாக்குகிறார்கள், மேலே செம்பு முலாம் பூசுகிறார்கள், ரவைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தூள் தூவுகிறார்கள். விலை ஏறுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், பெரிய காகிதத்தில் வான்கோழித் தலை படத்தை ஒட்டி, 40 கஜத்தில், அதாவது சுமார் 36 மீட்டரில் நிறுத்திச் சுட்டுப் பார்ப்பார்கள். தலையைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ண வேண்டும். 100 ஓட்டை இருந்தால் அந்தத் தூரம் வரை நம்பலாம் என்பது வேட்டைக்காரர்களிடையே புழங்கும் அளவுகோல். 60, 70-தான் வந்தால் பத்து அடி முன்னால் வந்து மறுபடி சுட்டு எண்ண வேண்டும். ஓட்டை எண்ணும் வேலை பெரும்பாலும் குழந்தைகளுக்கு. பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே எண்ணுவார்கள்.

பத்து கஜத்திலும் ஒரு தடவை சுட்டுப் பார்ப்பது நல்லது. குறுகலான சோக்கில் அவ்வளவு கிட்டத்தில் ரவைக்கூட்டம் கைமுஷ்டி அளவுகூட விரிந்திருக்காது. மூக்குக்கு முன்னால் வந்து நின்ற சேவலைத் தவறவிட்டுவிட்டு, பிறகு தலையில் கை வைத்து உட்காருபவர்கள் ஏராளம்.

சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது

நம்பருக்குச் சட்டமும் உண்டு. பென்சில்வேனியாவில் வான்கோழிக்கு 4-ம் நம்பரைவிடப் பெரிய ஈய ரவை போடக் கூடாது. பல மாநிலங்களில் இப்படி ஏதாவது ஒரு வரம்பு இருக்கிறது. ஏன்? அந்தக் காட்டில் வான்கோழிக்காகக் காத்திருப்பவர் ஒருவர் மட்டும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். எல்லோரும் இலை தழை உடுப்பில் மறைந்திருக்கிறார்கள். எல்லோரும் வான்கோழி மாதிரியே சத்தம் போடுகிறார்கள். ஒருவர் எழுப்பும் பெட்டைக் குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரர் பதுங்கிப் பதுங்கி வருகிறார். புதர் அசைகிறது. இப்படித்தான் மனிதர்கள் அடிபடுகிறார்கள். வசந்த காலத்துச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். அதனால் அந்த மூன்று நிறத்தில் கைக்குட்டைகூட எடுத்துப் போகாதே என்பது முதல் பாடம். நெஞ்சில் தொங்கும் தாடி போன்ற இறகுக் கொத்தைக் கண்ணால் பார்க்காமல் விசையில் விரல் வைக்காதே என்பது இரண்டாவது பாடம்.

ரவை பெரிதாக இருந்தால் எட்டும் தூரமும் அதிகம். வான்கோழியை வீழ்த்தும் பலம் 36 மீட்டரோடு முடிந்தாலும், 4-ம் நம்பர் ரவை 250 மீட்டர் வரை பறந்துபோய் விழ முடியும். 6-ம் நம்பர் 220 மீட்டர் வரை. குறி தவறிய ரவை காற்றில் கரைந்துபோவதில்லை. எங்கேயாவது, எதன் மீதாவது விழத்தான் வேண்டும்.

தட்டுக்கு வரும் ஈயம்

இதுவரை சொன்னது ரவையின் சைஸ். இனி அது என்ன உலோகம் என்ற கேள்வி. சமீப காலத்தில் அமெரிக்க வேட்டைக் குடும்பங்களில் இதுதான் சூடான பேச்சு.

ஈயம் விஷம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகம் பாதிக்கிறது. வாத்துகள் தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் வழக்கம் உள்ளவை. ஏரியடியில் கிடக்கும் ரவையையும் கல் என்று விழுங்கிச் செத்தன. அதனால் வாத்து போன்ற நீர்ப்பறவை வேட்டைக்கு 1991 முதல் அமெரிக்கா முழுக்க ஈய ரவைக்குத் தடை. வான்கோழி காட்டுப் பறவை என்பதால் அந்தத் தடைக்குள் வரவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் ஈயம் போடலாம். கலிஃபோர்னியா மட்டும் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது என்று சொல்லிவிட்டது. அங்கே காண்டர் என்ற மாபெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-ல் வெறும் 22 பறவைகளாகச் சுருங்கியிருந்தது. அதைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கி மறுபடி பறக்கவிட்டால், குண்டடிபட்ட விலங்குகளின் மிச்சத்தைத் தின்று ஈய விஷத்தால் செத்துக்கொண்டிருந்தது.

2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இன்னும் பலரை உலுக்கியது. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்ததில், கிட்டத்தட்ட பாதிக் கழுகுகளுக்கு நாள்பட்ட ஈய விஷம் ஏறியிருந்தது. அமெரிக்காவின் அடையாளமான வெண்தலைக் கழுகும் அதில் அடக்கம். இதில் பெரும்பங்கு மான் வேட்டையில் மிச்சமாகும் குடல், சதையில் இருந்து போவது. வான்கோழி வேட்டையின் பங்கு சிறியதுதான். ஆனாலும் கழுகு, அது எந்த வேட்டையின் ஈயம் என்று பார்த்துத் தின்பதில்லை.

சமையலறையைப் பொறுத்தவரை, நம்பர் தேர்வும் சுகாதாரமும் இங்கேதான் கைகோக்கின்றன. தலையையும் கழுத்தையும் மட்டும் தாக்கும்படி சோக்கையும் ரவையையும் பொருத்தியவர் வீட்டில், நெஞ்சுக் கறியில் ரவை அநேகமாக இருக்காது. அளந்து பார்க்காமல் 55 கஜத்தில் சுட்டவர் வீட்டில் இருக்கும். சாப்பிடும்போது 'நறுக்'கென்று பல்லில் கடிபடுவது நல்லது என்றே சொல்வேன், எடுத்து எறிந்துவிடலாம். எலும்பில் மோதி உடைந்த தூள் கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது. வேட்டைக் கறி நிறையச் சாப்பிடுபவர்களை எக்ஸ்-ரே எடுத்தபோது, குடல்வாலுக்குள் முழு ரவை உட்கார்ந்திருந்ததை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கடுகு வந்து கணக்கை மாற்றியது

ஈயத்துக்குப் பதிலாக இரும்பு ரவை போடலாமே? போடலாம். ஆனால் இரும்பு லேசானது. ஈயத்தில் மூன்றில் இரண்டு பங்கு அடர்த்திதான். தூரத்தில் பலம் போய்விடும். அதனால் வான்கோழிக்காரர்கள் அதை விரும்பவில்லை. கடந்த பத்தாண்டுகளில் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது டங்ஸ்டன் கலவை. ஈயத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 11 மடங்கு என்றால், இது 18 மடங்கு.

விளைவு? ஈயத்தில் புறாவுக்குக்கூடச் சின்னது எனத் தோன்றும் 9-ம் நம்பர், வெறும் 2 மில்லிமீட்டர், கடுகு சைஸ். டங்ஸ்டனில் அந்தக் கடுகே 4, 5-ம் நம்பர் ஈயத்துக்கு நிகராகத் துளைக்கிறது. அவுன்ஸுக்கு 360 ரவை. அதாவது 5-ம் நம்பர் ஈயத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 'எண்ணிக்கையா, பலமா' என்று இத்தனை காலம் நடந்த சண்டையில், இரண்டும் சேர்ந்தே கிடைத்துவிட்டது. குறைந்த எடைத் தோட்டாவே போதும் என்பதால், தோளில் உதைக்கும் 12 கேஜை விட்டுவிட்டு 20 கேஜ், அதைவிடச் சிறிய துப்பாக்கிகளோடு பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் காட்டுக்கு வருகிறார்கள்.

இடிப்பது விலை. ஒரு டங்ஸ்டன் தோட்டா 10 டாலருக்கும் மேல். ஈயம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பறவைதானே, இரண்டு தோட்டா வாங்க முடியாதா என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் காகிதத்தில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது என்று மேலே சொன்னோமே, அதற்கும் சேர்த்தல்லவா தோட்டா வாங்க வேண்டும்? தவிர, 60 கஜத்திலும் விழும் என்று நம்பி அளவு மீறிச் சுடுகிறார்கள் என்ற புகாரும் இப்போது எழுந்திருக்கிறது.

தாத்தா காலத்து ஈயப் பெட்டி இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைத்தான் போடுவேன் என்பவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் வேட்டை முடிந்த பிறகும் மிச்சமிருக்கின்றன. ரவை பாய்ந்த தடத்தைச் சுற்றி, ரத்தம் கன்றிய சதையைத் தாராளமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். வினிகரிலோ புளிப்பான மசாலாவிலோ ஊறவைக்கக் கூடாது. புளிப்பு ஈயத்தைக் கரைத்துக் கறிக்குள் இறக்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அந்தக் கறி வேண்டாம். வெட்டி எடுத்ததை வீட்டு நாய்க்கும் போடாமல், வெளியில் வீசாமல், கழுகோ நரியோ தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.